எண்ணி என்ன செய்வீர்கள்? தவளையும் பாம்பும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மழைக்காலத் தவளைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். மதுரையைச் சுற்றிச் சில கண்மாய்களில் ராத்திரி நேரத்தில் தவளையையும் பாம்பையும் எண்ணிக்கொண்டு திரிகிற ஆள் நான். அதைப் படித்துவிட்டுக் கடிதமும் வாட்ஸ்அப் குரல்பதிவுமாக நிறைய வந்துவிட்டது. பாதிக்கு மேல் "வீட்டுக்குள் பாம்பு வராமல் இருக்க என்ன வைக்கலாம்" என்கிற ஒரே கேள்விதான். அதற்கும் உள்ளே பதில் இருக்கிறது, அவசரம் என்றால் சோழவந்தான் கடிதத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

ஆராய்ச்சி என்றால் லேப், மைக்ராஸ்கோப் என்றுதான் நினைத்திருந்தேன். ராத்திரி கண்மாயில் அப்படி என்னதான் செய்கிறீர்கள் சார்?
– மேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

நடக்கிறோம் தம்பி, அவ்வளவுதான். கரையோரமாக நூறு மீட்டருக்குக் கயிறு பிடித்து அளந்து வைத்த ஒரு கோடு இருக்கும். பொழுது சாய்ந்து ஏழரை மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்தக் கோட்டை ஒரே வேகத்தில் நடந்து முடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் இரண்டு மீட்டருக்குள் கண்ணில் பட்டதையெல்லாம் எழுத வேண்டும்: எந்த இனம், தண்ணீரிலா சேற்றிலா புல்லிலா, கத்திக்கொண்டிருந்ததா சும்மா இருந்ததா. கூடவே வெப்பநிலை, காற்றில் எவ்வளவு ஈரம், கடைசியாக மழை பெய்தது என்றைக்கு. அடுத்த தடவையும் அதே கோடு, அதே நேரம், அதே வேகம். அந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியாகக் கேட்கிறதே என்று ஆசைப்பட்டுக் கோட்டைவிட்டு இறங்கினால் அன்றைய கணக்கு கெட்டது. ஒன்றுமே கண்ணில் படாத ராத்திரியில் 0 என்று எழுதுவதும் வேலைதான், அதை எழுதாமல் வீட்டுக்குப் போகிற பையனை நான் மறுபடி கூட்டிப்போவதில்லை.

நடக்கும் முன்னால் ஐந்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து காதால் எண்ணுவோம். கத்துவது ஆண்தான், இனத்துக்கு ஒரு குரல். சீப்பின் பல்லில் நகத்தை வைத்து இழுத்தால் 'க்ர்ர்ரிக்' என்று வருமே, அந்தச் சத்தத்தைக் கேட்டால் பெரிய உருவம் ஏதோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். தேடிப் பார்த்தால் பெருவிரலின் முதல் கணு அளவில் ஒரு குட்டித் தவளை, தொண்டை மட்டும் பலூன் மாதிரி. ஐப்பசி மழையின் முதல் ராத்திரிகளில் பெரிய தவளையின் ஆண்களைப் பார்க்க வேண்டும், எலுமிச்சம்பழ மஞ்சளில் உடம்பு, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பை. யாரோ பெயின்ட் அடித்துவிட்டதாக நினைத்து ஊர்க்காரர் ஒருவர் எனக்கு வீடியோ அனுப்பினார். இணைசேரும் நாட்கள் முடிந்ததும் பழைய பாசி நிறத்துக்குத் திரும்பிவிடும்.

பெரிய தொல்லை பாம்பு இல்லை, மோட்டார் வயர் திருட வந்தவர்கள் என்று நினைத்துக் கம்போடு வருகிற ஆட்கள்தான். ஒருநாள் அப்படி வந்த பெரியவரிடம் "தவளை எண்ண வந்தோம் ஐயா" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எண்ணி?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் சின்ன வயதில் மழை விட்டால் தவளைச் சத்தத்தில் தூங்க முடியாது. இப்போது எங்கள் ஊரணி ஊமையாகக் கிடக்கிறது. எங்கே போயின எல்லாம்?
– திருமங்கலம், ஓய்வுபெற்ற தபால்காரர்

ஐயா, உங்கள் சின்ன வயதிலேயே ஒரு அடி விழுந்துவிட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு வயலில் இறங்கிப் பெரிய தவளைகளைச் சாக்குச் சாக்காகப் பிடித்துப் பின்னங்காலை மட்டும் வெட்டி உறைய வைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தவளைக்கால் ஏற்றுமதியில் உலகத்திலேயே முன்வரிசையில் இருந்தது நம் நாடு. 1987-ல்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கத்துகிற ஆணைச் சத்தத்தை வைத்தே பிடித்துவிடலாம், நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த வியாபாரம் நின்று இத்தனை வருடமாகியும் சத்தம் திரும்பவில்லை என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. என் கணக்கு நோட்டில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம் ஒன்று: பல தவளைகளுக்குக் கண்மாயைவிடக் கண்மாய்க்குப் பக்கத்துப் பள்ளம்தான் பிடித்திருக்கிறது. மழைக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் தண்ணீர் நின்று வற்றிப்போகிற குட்டையில் மீன் இருக்காது, தலைப்பிரட்டை பிழைத்துக் கால் முளைத்துக் கரையேறிவிடும். நிரந்தரமாகத் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஜிலேபிக் கெண்டை காத்துக்கொண்டிருக்கும். நாம் என்ன செய்தோம்? கண்மாயை ஆழப்படுத்தினோம், சரி, நல்லதுதான். கூடவே அந்தப் பள்ளங்களையெல்லாம் மேடாக்கி பிளாட் போட்டோம், இல்லையென்றால் ரோடு. ஊரணியின் நாலு சுவரையும் செங்குத்தாக சிமென்ட்டில் கட்டினோம். மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் வட்டு இருக்கிறது, அது ஏறிவிடும். மற்றதெல்லாம் உள்ளே விழுந்தால் உள்ளேயேதான். உங்கள் ஊரணியின் சுவர் எப்படி என்று கடிதத்தில் இல்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது.

அப்புறம் மருந்து. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது, மூச்சிலும் ஒரு பகுதி தோல் வழியாகத்தான். வயலில் அடிக்கிற பூச்சிமருந்தும் அதே வழியில் உள்ளே போகும். இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. உலகம் முழுக்க உள்ள தவளை, தேரை வகையறாக்களை 2023-ல் மறுபடி மதிப்பிட்டபோது நூற்றுக்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தது, பறவைகளையும் பாலூட்டிகளையும்விட மோசம். "எண்ணி?" என்று கேட்ட பெரியவருக்கு இது ஒரு பதில். யாரோ எங்கோ ராத்திரியில் எண்ணியதால்தான் அந்த 41 வந்தது.

கல்லுக்குள் தேரை இருக்கும் என்பது உண்மையா? வெயில் காலத்தில் தவளை எங்கே போகிறது?
– வாடிப்பட்டி வாசகி

முழுசாக மூடிய கல்லுக்குள் எதுவும் உயிரோடு இருக்காது. பாறை வெடிப்புக்குள்ளும் கல் அடுக்கின் இடுக்கிலும் தேரை பதுங்கும், கல்லை உடைக்கிறவர் கண்ணுக்குக் கல்லிலிருந்து குதித்த மாதிரிதான் தெரியும்.

மண்ணுக்குள் போகிற தவளைகள் உண்டு. பின்னங்காலின் அடியில் சின்ன மண்வெட்டி மாதிரி ஒரு கடினமான புடைப்பு இருக்கும், அதை வைத்துக் காலை மாற்றி மாற்றித் தள்ளிப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கும். முகம் கடைசியாக மறையும், பார்க்கவே வேடிக்கை. சித்திரை மாதம் கண்மாயில் கரம்பை மண் வெட்டிக்கொண்டிருந்தபோது ஜேசிபி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார், "அண்ணே, எலுமிச்சம்பழம் மூச்சு விடுது." போய்ப் பார்த்தால் மண்கட்டிக்குள் உருண்டையாக ஊதிக்கொண்டு ஒரு தவளை, கண் மட்டும் சின்னதாக, உடம்பெல்லாம் மண். மாதக் கணக்கில் சாப்பிடாமல் அசையாமல் உள்ளே இருந்திருக்கும். கண்மாயின் மறு ஓரத்தில், வண்டி வராத இடத்தில், நிழல் மண்ணைத் தோண்டி உள்ளே வைத்துவிட்டு வந்தோம். அந்த ஓட்டுநர் இப்போதும் எங்கே மண் வெட்டினாலும் போன் செய்கிறார்.

அரிய இனங்கள் எல்லாம் கேரளப் பக்கம்தானே? நம் மதுரை வட்டாரத்தில் சொல்லிக்கொள்ள ஏதாவது உண்டா?
– உசிலம்பட்டி, பள்ளி ஆசிரியை

உண்டு டீச்சர், பெயரிலேயே இருக்கிறது. உங்களிடமிருந்து ரொம்பத் தூரமில்லாத சிறுமலையில் மண்ணுக்குள் வாழும் ஒரு பாம்புக்கு யூரோபெல்டிஸ் திண்டிகலென்சிஸ் என்று பெயர், திண்டுக்கல்லை வைத்து. பழனி மலைப் பக்கம் இருக்கிற இன்னொன்று பிளாட்டிபிளெக்ட்ரூரஸ் மதுரென்சிஸ். பழனி மலையில் இருப்பதற்கு ஏன் மதுரைப் பெயர் என்றால், அன்றைய மதுரை ஜில்லா கொடைக்கானலையும் சேர்த்தது. இரண்டுக்கும் 1877-ல் பெயர் வைத்தவர் பெட்டோம், சென்னை மாகாண வனத்துறையில் இருந்த ராணுவ அதிகாரி. இந்த வகைப் பாம்புகளில் பலவற்றுக்கு வால் நுனி சொரசொரப்பான தட்டு மாதிரி இருக்கும், அதனால் கேடயவால் பாம்பு என்கிறார்கள். மண்புழுதான் சாப்பாடு, முட்டையிடாமல் குட்டி போடும், கடிக்கவே கடிக்காது. சிறுமலையில் வாழைக்கு மண் கொத்தும்போது வெளியே வந்தால் 'வெட்டுப்பட்ட வாலோடு ஒரு விஷப்பாம்பு' என்று அடித்துவிடுகிறார்கள். அந்த மலையைவிட்டால் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பாம்பு அது.

தவளையில் கேட்டால் ஊதாத் தவளை. வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து கறையான் தின்றுவிட்டு, இணைசேர மட்டும் சில நாட்கள் வெளியே வரும் பன்றிமூக்குத் தவளை. 2003-ல் இடுக்கியிலிருந்து அறிவித்தபோது உலகமே பேசியது, ஏனென்றால் அதன் நெருங்கிய சொந்தம் செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. 2017-ல் அதற்கு ஒரு தம்பி கிடைத்தது, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அதற்கு பூபதி என்று பெயர். கோயம்புத்தூர் சலீம் அலி மையத்தில் பாம்பு, ஆமை, தவளை என்று ஆராய்ச்சி செய்த முனைவர் சு. பூபதியின் நினைவாக வைத்தது, 2014-ல் அகத்தியமலைப் பக்கம் களப்பணியின்போது விபத்தில் இறந்தவர். வகுப்பில் இந்தத் தவளையைப் பற்றிச் சொன்னால் அவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரிட்டாபட்டியை விட்டுவிட்டேனே. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த 193 ஹெக்டேரில் எறும்புத்தின்னி, தேவாங்கோடு மலைப்பாம்பும் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போக வசதியான இடம்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, பிணம் எரிகிற புகை வருகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்குமாமே?
– அலங்காநல்லூர் வாசகர்

பல்லியும் மரத்தவளையும் பிடிக்க ஏறுகிறது. விஷம் கிடையாது. புகை பார்க்கிற வேலையும் கிடையாது.

சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடியதை எங்கள் தோப்பில் கண்ணால் பார்த்தேன். மேலே வேட்டியைப் போட்டு எடுத்து வைத்தால் யோகம் என்றார்கள்...
– செக்கானூரணி வாசகர்

நீங்கள் பார்த்தது நிஜம், பார்த்தது இரண்டு ஆண் சாரை. இணைசேரும் காலத்தில் யார் பெரியவன் என்று ஒன்றை ஒன்று அமுக்கி மல்லுக்கட்டும், கடிப்பதுகூட இல்லை. நம் ஊர் மஞ்சுவிரட்டுக் காளைகள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாரையும் நாகமும் வேறு வேறு குடும்பம், ஒன்றோடு ஒன்று சேராது. சொல்லப்போனால் நல்ல பாம்பு சாரையைத் தின்னும். வேட்டியை இடுப்பிலேயே வைத்திருங்கள்.

எங்கள் வீடு வயக்காட்டை ஒட்டி. கட்டுவிரியன் வருகிறது, ஓலைப்பாம்பும் வருகிறது, எது எது என்று தெரியவில்லை. சிறியாநங்கை வைத்தால் வராது என்கிறார்கள், வைக்கலாமா?
– சோழவந்தான் வாசகி

சிறியாநங்கை வைக்கலாம், செடி அழகாக இருக்கும். பாம்பு அதன் அடியில் நிழலுக்குப் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கந்தகம், பூண்டு, பினாயில் எதற்கும் பாம்பு நிற்காது. அது வருவது எலிக்கும் தவளைக்கும். நெல் மூட்டை அடுக்கிய மூலை, விறகுக் குவியல், கோழிக்கூட்டைச் சுற்றிச் சிந்தின தீவனம், கதவுக்குக் கீழே விரல் நுழைகிற சந்து, இவற்றைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் சொல்கிறேன், ஆனால் போட்டோவில் பார்க்க மட்டும். கட்டுவிரியனுக்குக் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும், கழுத்துப் பக்கம் மங்கலாக, வால் பக்கம் போகப் போகப் பளிச்சென்று. ஓலைப்பாம்பு என்று நீங்கள் சொல்வது வெள்ளிக்கோல் வரையன் என்றால் அதற்கு நேர்மாறு, கழுத்துப் பக்கம் பட்டை தெளிவாக, வால் பக்கம் கரைந்துபோகும். உண்மையான அடையாளம் முதுகுத்தண்டின் மேல் ஓடும் அறுகோணச் செதில் வரிசை, கட்டுவிரியனுக்கு அது மற்றச் செதிலைவிடப் பெரிது. அதைப் பார்க்கிற தூரத்துக்கு நீங்கள் போகவே கூடாது.

கட்டுவிரியன் ராத்திரிப் பாம்பு. தரையில் பாய் போட்டுப் படுத்தவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது, எறும்பு கடித்த அளவுகூட வலிக்காது, வீக்கமும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே 108. கட்டில் வேண்டும், அதைவிட முக்கியம் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுவது. கடித்துவிட்டால் கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பச்சிலை வேண்டாம், பாம்பை அடித்து எடுத்துவரவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம். கட்டுவிரியனுக்கு ரத்தம் ஒழுங்காக உறையும், அதனால் இமையையும் மூச்சையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். "ரத்தம் நார்மல்" என்று கேட்டவுடன் கிளம்பி வந்துவிடாதீர்கள்.

கொடுக்கிற மருந்து ஒன்றேதான், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, விஷம் எடுத்து, மறுபடி அதே பாம்பைப் பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் ஒரு அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அவர்களில் இரண்டு பேர், வடிவேல் கோபாலும் மாசி சடையனும், 2023-ல் பத்மஸ்ரீ வாங்கினார்கள்.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் வீட்டிலேயே சாவு, ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறுவதே இல்லை. 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. கடியையும் இனிமேல் எண்ணுவார்கள்.

எனக்குப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுப்பீர்களா? யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.
– மதுரை, பதினெட்டு வயது

மாட்டேன். 1972-ம் வருட வன உயிரினச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், எங்களுக்கே வனத்துறை அனுமதிக் கடிதம் இல்லாமல் கை வைக்க முடியாது. இன்னொன்று, பிடித்துக் கொண்டுபோய்த் தூரத்துக் காட்டில் விட்டால் பாம்பு சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறோமே, அது அப்படி இல்லை. கர்நாடகத்தில் ஆகும்பே காட்டில் ராஜநாகத்துக்குள் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்தார்கள், இடம் மாற்றி விட்டது நிலைகொள்ளாமல் அலைந்தது. எலி எங்கே, பொந்து எங்கே என்று அதற்குத் தெரிந்த ஊரிலிருந்து தூக்கிப் போனால் வேறு என்ன செய்யும்? நானும் உன் வயதில் கெத்துக் காட்டப் போய்த் தண்ணிப்பாம்பிடம் கடி வாங்கியிருக்கிறேன். விஷமில்லை, ஆனால் பல் தழும்பு கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது, கூட இருந்தவன் சிரித்தது அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உனக்கு வேறு வேலை தருகிறேன். பாம்புச் சட்டை தேடு. வரப்பு, வேலி, பழைய கிணற்றின் கல் இடுக்கு எங்கும் கிடைக்கும். கண்ணுக்கு மேலே இருந்த செதில்கூடச் சின்னக் கண்ணாடிச் சில்லு மாதிரி அதில் இருக்கும். காலுறையைக் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே திரும்பியிருக்கும், தண்ணீரில் ஊறவைத்துத் தட்டில் விரி. உடம்பின் நடுவில் வயிற்றுப் பட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை குறுக்காகச் செதில் வரிசைகளை எண்ணு. சாரைக்குப் பெரும்பாலும் 17, கண்ணாடி விரியனுக்கு 27-லிருந்து 33, கட்டுவிரியனுக்கு 15-லிருந்து 17. சாரைக்கும் கட்டுவிரியனுக்கும் குழப்பம் வந்தால் வாலின் அடியைப் பார், கட்டுவிரியனுக்குச் செதில் ஒற்றையாக இருக்கும், சாரைக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். நீளத்தை மட்டும் நம்பாதே, சட்டை பாம்பைவிட நீண்டுவிடும். இடம், தேதி எழுதி ஒரு கவரில் போட்டு வை. ஐம்பது கவர் சேர்ந்ததும் என்னைப் பார்க்க வா, சேனலுக்கும் விஷயம் கிடைக்கும்.

இருதலை மணியன் ஒன்றுக்குப் பல லட்சம் தருவதாக ஒருவர் சொல்கிறார். எங்கள் காட்டில் இருக்கிறது...
– பேர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

அது மண்ணுளிப் பாம்பு, வால் மழுங்கியிருப்பதால் இன்னொரு தலை மாதிரி தெரிகிறது. எந்த மருந்துக்கும் ஆகாது. லட்சம் தருகிறேன் என்பவர் முதலில் உங்களிடம் ஒரு 'அட்வான்ஸ்' கேட்பார், அவர் கேட்காவிட்டால் வனத்துறை வந்து கேட்கும். காட்டிலேயே விட்டுவிடுங்கள், எலியைப் பார்த்துக்கொள்ளும்.

எங்க வீட்டுத் தண்ணித் தொட்டிச் சுவத்துல சோப்பு நுரை மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு. உள்ள முட்டை இருக்குன்னு அண்ணன் சொல்றான். அம்மா வழிச்சுக் கொட்டச் சொல்றாங்க. கொட்டவா?
– பேரையூர், ஏழாம் வகுப்பு மாணவி

கொட்டாதே பாப்பா. அது மரத்தவளையின் கூடு. அம்மாத்தவளை தன் உடம்பிலிருந்து வருகிற திரவத்தைப் பின்னங்காலால் முட்டை அடிப்பது போல அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிட்டிருக்கிறது. வெளிப்பக்கம் காய்ந்து கெட்டியாகிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும், அதனால்தான் வெயிலில் முட்டை வாடுவதில்லை. ஒரு வாரத்துக்குள் நுரையின் அடிப்பக்கம் இளகித் தலைப்பிரட்டைகள் தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விழும். தொட்டித் தண்ணீர் சமையலுக்கு என்றால் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால் நுரை கலையாமல் அண்ணனை ஒரு அட்டையால் மெதுவாகப் பெயர்த்தெடுக்கச் சொல்லி, மழைத்தண்ணீர் பாதி நிரப்பிய பழைய பக்கெட்டின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே ஒட்டி நிழலில் வையுங்கள். பக்கெட்டுக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைக்க மறக்காதே, கால் முளைத்ததும் ஏறி வெளியே வர. எந்தத் தேதியில் விழ ஆரம்பித்தது, எத்தனை விழுந்தது என்று எண்ணி எனக்கு எழுது. அம்மா திட்டினால் அதையும் எழுது.